கண்ணைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போவது எப்படி? காட்சி ஓட்டம் பற்றிய இழை

#1 மூன்றாம்_கியர்

பாடத்தில் சொல்லிக்கொடுப்பது எளிது. முன்னால் நகரும்போது கண்ணெதிரே இருக்கும் எல்லாம் ஒரு மையத்திலிருந்து வெளிப்புறமாக விரிந்து ஓடும்; இதுவே காட்சி ஓட்டம். அந்த விரிவு மையம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம். உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1950-இல் எழுதியது.

ஆனால் அண்ணா சாலையில் போகிறவர் கண் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. நொடிக்கு இரண்டு மூன்று தாவல். பக்கக் கண்ணாடி, ஷேர் ஆட்டோ, சிக்னலில் ஓடும் எண், தார் பெயர்ந்த குழி. ஒரு பொருளைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனால் விழித்திரையில் அந்தப் பொருள் நின்றுவிடும். ஓட்டம் அதைச் சுற்றி நடக்கும். அப்படியானால் விரிவு மையம் என்று விழித்திரையில் தெரிவது போகும் திசையே அல்ல. பிறகு மூளை எதை நம்பி ஹேண்டில்பாரைப் பிடிக்கிறது?

இன்னொன்று. “போக வேண்டிய இடத்தைப் பார்” என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்கிறார்கள். அந்த இடம் எத்தனை மீட்டர் தள்ளி?

#2 விழித்திரை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

விழித்திரையில் விழுவது இரண்டு ஓட்டங்களின் கூட்டுத்தொகை. உடல் இடம்பெயர்வதால் வருவது ஒன்று. அது தூரத்தைப் பொறுத்தது: பக்கத்து மீடியன் சரசரவென்று ஓடும், எதிரே தூரத்தில் தெரியும் எல்.ஐ.சி. கட்டடம் அசையவே அசையாது. கண்ணோ தலையோ சுழல்வதால் வருவது மற்றொன்று. அதற்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. கண் சுழன்றால் மீடியனும் கட்டடமும் ஒரே கோண வேகத்தில் நகரும்.

ஆகவே ஒரே திசையில் தெரியும் கிட்டப் பொருள், எட்டப் பொருள் இரண்டின் வேகத்தையும் கழித்துப் பார்த்தால் சுழற்சி கழன்று விழுந்துவிடும். மிச்சம் இடப்பெயர்ச்சி மட்டும். லாங்கெட்-ஹிக்கின்ஸும் பிராஸ்ட்னியும் 1980-இல் இதைச் சமன்பாடாக்கிக் காட்டினார்கள். வாரனும் ஹானனும் 1988-இல் புள்ளிகளை மட்டும் திரையில் ஓடவிட்டுப் பார்த்தபோது, கண் நகர்ந்தாலும் மனிதர்கள் ஓரிரு டிகிரி துல்லியத்தில் திசை சொன்னார்கள். ஒரு நிபந்தனை: காட்சியில் ஆழம் இருக்க வேண்டும். நேர் எதிரே ஒரே ஒரு தட்டையான சுவர் என்றால், ஓட்டத்தை மட்டும் வைத்துக் கழிக்க முடியாது.

அது மெதுவான சுழற்சியில். ராய்டன், பேங்க்ஸ், குரோவெல் மூவரும் 1992-இல் வேகத்தைக் கூட்டினார்கள். கண்ணை நிறுத்திவைத்து, கண் சுழன்றதுபோன்ற படத்தை மட்டும் காட்டினால் பிசகுகிறது. வளைந்த பாதையில் போவதாகத் தோன்றுகிறது. அதே படம் உண்மையில் கண் சுழன்றதால் விழித்திரையில் விழுந்தால் திசை சரியாகத் தெரிகிறது. கண் தசைக்கு அனுப்பிய கட்டளையின் நகல் மூளைக்குள்ளேயே போய்ச் சேர்கிறது, அதை வைத்தும் கழிக்கிறது என்று அர்த்தம். இரண்டு வழியும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. எது முதன்மை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

#3 தும்பி

டிரோன் கட்டுகிறவர்களுக்கு இது பழக்கப்பட்ட தலைவலி. வயிற்றுப் பக்கம் தரையைப் பார்க்கும் ஆப்டிகல் ஃப்ளோ (காட்சி ஓட்டம்) சென்சார் கொடுப்பது ரேடியன்/நொடி கணக்கு; அதை உயரத்தால் பெருக்கினால்தான் வேகம். 2 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 1 மீட்டர் போனால் ஓட்டம் 0.5 ரேடியன்/நொடி. சட்டகம் நொடிக்கு 29 டிகிரி வேகத்தில் சாய்ந்தாலும் அதே 0.5 வரும். சுழற்சியை அளக்கும் ஜைரோ சென்சாரின் அளவைக் கழிக்காவிட்டால், நின்ற இடத்தில் சாய்ந்த டிரோன் தான் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுவதாக எண்ணி எதிர்ப்பக்கம் பாயும். விழித்திரை சார் சொன்ன கட்டளை நகலுக்கு இங்கே ஜைரோதான் ஈடு.

பலர் சறுக்குவது கழிப்பதில் இல்லை, நேரத்தில். கேமரா ஃபிரேம் எடுத்த கணமும் ஜைரோ அளந்த கணமும் 20, 30 மில்லிநொடி தள்ளிப்போனால், ஒவ்வொரு சாய்வின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு பொய் வேகம் முளைக்கும். பறந்த பதிவில் (லாக்) இரண்டு வரைகோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, தள்ளி நிற்கும் அளவுக்கு டிலே கொடுங்கள். உயரம் அளக்கும் சென்சார் தவறினால் வேகமும் அதே விகிதத்தில் தவறும்.

தரையும் முக்கியம். பளபள டைல்ஸ், பூசி மெழுகிய சிமெண்ட் தரை இரண்டிலும் பிடிமானம் இருக்காது. மெரினாவில் அலைக்கு மேலே பறக்கவிட்டால் அலையைத்தான் தரை என்று எடுத்துக்கொண்டு அதோடு போகும்.

#4 ஹேண்டில்பார்

இரண்டாவது கேள்விக்கு வரேன். மீட்டரில் கேட்காதீங்க, நொடியில் கேளுங்க. 1.5 முதல் 2 நொடி கழித்து வண்டி எங்கே இருக்குமோ, அங்கே.

மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11.1 மீட்டர். அப்போ 17 முதல் 22 மீட்டர். 60-இல் 25 முதல் 33 மீட்டர். 40-இல் காய்ந்த ரோட்டில் நிற்க எடுக்கும் தூரமும், சுதாரிக்க ஒரு நொடி சேர்த்து, கிட்டத்தட்ட 21 மீட்டர்தான். மழை ரோட்டில் அது 26-ஐத் தாண்டும். அதனால் மழையில் பார்வையைத் தள்ளி வைக்கணும், இல்லை வேகத்தைக் குறைக்கணும்.

புதுசா ஓட்டுறவங்க முன்சக்கரத்துக்கு 3 மீட்டர் முன்னாடி பார்ப்பாங்க. அது ஏன் தப்புன்னு கோண வேகத்தில் பாருங்க. காரில் கண் உயரம் 1.1 மீட்டர்னு வைப்போம், வேகம் 40. தரைப் புள்ளி 20 மீட்டரில் இருந்தால் நொடிக்கு 1.7 டிகிரி இறங்கும். 10 மீட்டரில் 6.9. 3 மீட்டரில் 68 டிகிரி! நொடிக்கு 30 டிகிரி வரைக்கும் கண் நல்லா பின்தொடரும், அதுக்கு மேலே பின்தங்கும். 3 மீட்டரில் தெரிவது கோடு கோடா இழுபட்ட தார் மட்டும்தான்.

ஆனா கிட்டப் பார்வையே வேண்டாம்னும் இல்லை. லேண்டும் ஹார்வுட்டும் 1995-இல் சிமுலேட்டரில் ரோட்டின் சிறு பட்டைகளை மட்டும் காட்டி ஓட்டவிட்டாங்க. தூரப் பட்டை மட்டும் இருந்தால் வளைவு வழவழன்னு வரும், லேனுக்குள் இடம் தவறும். கிட்டப் பட்டை மட்டும் இருந்தால் லேனில் நிற்கும், ஸ்டியரிங் வெட்டி வெட்டி வரும். கண்ணை தூரத்தில் வையுங்க. கிட்டத்து ஓரக்கோட்டை கடைப்பார்வையே பார்த்துக்கும்.

கார் ஓட்டிப் பழகினவங்க பஸ்ஸில் ஏறினால் இன்னொரு கோளாறு. தரை ஓட்டத்தின் வேகத்தை வண்டி வேகத்தைக் கண் உயரத்தால் வகுத்துத்தான் உணர்கிறோம். 40-இல் காரில் நொடிக்கு 10 கண்-உயரம். பஸ்ஸில் கண் 2.2 மீட்டரில் இருந்தால் 5. அதே 40, பாதி வேகம் மாதிரி தெரியும். முதல் வாரம் ஸ்பீடாமீட்டரைப் பார்த்துத்தான் ஓட்டணும், உணர்வை நம்பக்கூடாது.

#5 மூன்றாம்_கியர்

அருமை. வளைவில்? தொடுபுள்ளியைப் பார்க்கச் சொல்கிறார்களே.

#6 விழித்திரை

லேண்டும் லீயும் 1994-இல் சொன்னது. வளைவின் உள்ஓரம் எங்கே முன்னே துருத்திக்கொண்டு நிற்பதாகத் தெரிகிறதோ, அதாவது பார்வைக் கோடு உள்விளிம்பைத் தொட்டுப் போகும் இடம், அதுவே தொடுபுள்ளி. ஓட்டுநர்கள் வளைவுக்கு ஓரிரு நொடி முன்பே அங்கே கண்ணை வைக்கிறார்கள். கணக்கும் அழகு: வளைவின் ஆரம் = 2 × உள்ஓரத்துக்கு உள்ள பக்கவாட்டுத் தூரம் ÷ கோணத்தின் வர்க்கம் (கோணம் ரேடியனில்).

நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங்கில் ஒரு திருப்பம் உண்டு. 3.5 மீட்டர் லேனின் நடுவில் கார். ஓட்டுநர் நடுக்கோட்டிலிருந்து 35 செ.மீ. வலப்புறம். இடது விளிம்புக்கு 2.1 மீட்டர், வலது விளிம்புக்கு 1.4. தொடுபுள்ளி 10 டிகிரி தள்ளித் தெரிந்தால் இடது வளைவின் ஆரம் 138 மீட்டர், வலது வளைவின் ஆரம் 92 மீட்டர். ஒரே கோணம், வேறு வேறு திருப்பு. அதாவது கோணம் மட்டும் போதாது, விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் மூளை வைத்திருக்க வேண்டும். பைக்கில் லேனுக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருப்பதால் இந்தத் தூரம் ஓயாமல் மாறும்.

#7 ஹேண்டில்பார்

கணக்கு சரி சார். ஆனா மெட்ராஸ் ரோட்டில் உள்விளிம்பு எங்கே இருக்கு? மணல் மூடியிருக்கும், இல்லேன்னா நாலு வண்டி நிறுத்தியிருப்பாங்க. கத்திப்பாரா மேம்பால வளையத்தில் கைப்பிடிச் சுவர் இருப்பதால் தொடுபுள்ளி தெளிவாத் தெரியும். தெருமுனையில் அந்த வேலை நடக்காது.

#8 விழித்திரை

நியாயம். அதனால்தான் எதிர்க்கட்சி வலுத்தது. வில்கி, வான் போன்றவர்கள் சொல்வது: பார்ப்பது விளிம்பை அல்ல, போகப்போகும் பாதையில் ஒரு தரைப்புள்ளியை. அதைக் கண் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்தொடரும். கிட்டே வந்ததும் விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குத் தாவும். கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தால் வளைவில் ரம்பப்பல் மாதிரி வரைகோடு வரும்: மெதுவாகப் பின்னோக்கி, சட்டென்று முன்னோக்கி. ஃபின்லாந்தில் லாப்பி குழுவினர் உண்மைச் சாலையிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். விளிம்பையே வெறித்திருந்தால் அந்த ரம்பப்பல்லுக்கு விளக்கம் சொல்வது கஷ்டம். என் ஓட்டு பாதைப்புள்ளிக்கு.

நடையிலும் இதே கதை. மத்திஸ், யேட்ஸ், ஹேஹோ 2018-இல் வெளிப்புறத்தில் நடப்பவர்களை அளந்தார்கள்; கரடுமுரடான தரையில் கண் இரண்டு காலடி முன்னால், தரை எப்படி இருந்தாலும் ஏறக்குறைய 1.5 நொடி முன்னால். மேலே ஹேண்டில்பார் சொன்ன நொடிக்கணக்கோடு இது ஒத்துப்போவதைப் பாருங்கள்.

#9 மூன்றாம்_கியர்

அப்போ குழியைப் பார்த்தால் குழியிலேயே விழுவதும் இதனால்தானா?

#10 ஹேண்டில்பார்

அதேதான். கண் போன பக்கம் ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமா நழுவும். இதை சிமுலேட்டரில் அளந்தே காட்டியிருக்காங்க. குழி தெரிந்ததும் ஒரு பார்வை, அரை நொடிக்குள். அப்புறம் குழிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தாரைத் தேடி, அங்கே கண்ணை நிறுத்துங்க. “குழியைப் பார்க்காதே”ன்னு சொல்லிக் கொடுத்தால் வேலைக்காகாது. கண்ணுக்குப் போக ஓர் இடம் கொடுக்கணும். மழை நாளில் தேங்கின தண்ணி எல்லாமே பளபளப்பா ஒரே மாதிரி இருக்கும், அதுக்குள்ளே எது குழின்னு ஓட்டம் சொல்லாது. முன்னாடி போற வண்டியோட சக்கரம் எங்கே இறங்குதுன்னு பாருங்க.

#11 பிரிசம்_இருபது

கண் மருத்துவப் பக்கத்திலிருந்து ஓர் இடையீடு. காட்சி ஓட்டம் இல்லாமலேயே நடக்க முடியும் என்று ஒரு கட்சி உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. இலக்கு உடம்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அந்தப் பக்கம் அடி வைத்துக்கொண்டே போகலாம். ரஷ்டன் குழு 1998-இல் காட்சியை ஒரு பக்கம் தள்ளிக் காட்டும் பிரிசம் கண்ணாடி போட்டு நடக்கவிட்டு இதைத்தான் காட்டியது: நேராக நடக்கவில்லை, வளைந்து போனார்கள்.

வீட்டு வராந்தாவில் செய்து பார்க்கலாம். 20 டயாப்டர் பிரிசம், இரு கண்ணுக்கும் அடிப்பக்கம் ஒரே திசையில். ஒரு டயாப்டர் என்றால் 1 மீட்டரில் 1 செ.மீ. விலகல், 20 என்றால் 11.3 டிகிரி. 10 மீட்டர் தள்ளி ஒரு குச்சி நடுங்கள். திசை உணர்வை மட்டும் நம்பி நடந்தால் பாதை சுருள்போல வளைந்து, குச்சிக்கு 3.7 மீட்டர் இருக்கையில் நேர்க்கோட்டிலிருந்து 73 செ.மீ. விலகும். சாக்கட்டியால் நேர்க்கோடு போட்டு, கூட வருபவரை அளக்கச் சொல்லுங்கள். விலகல் 73-ஐவிடத் தெளிவாகக் குறைந்தால் ஓட்டமும் திருத்துகிறது. வாரன் குழு 2001-இல் மெய்நிகர் அறையில் கண்டது: வெறும் இலக்கு மட்டும் இருந்தால் வளைவு அதிகம், தரை, சுவர், தூண் என்று ஓட்டம் கூடக்கூடப் பாதை நேராகிறது.

தவறுகிற இடங்கள்: நேர்க்கோட்டை நடப்பவர் பார்க்கும்படி போட்டால் அதன்மேலேயே நடந்துவிடுவார், அவர் கடந்துபோன பிறகு பின்னால் குறியுங்கள். ஐந்தாறு நடைக்கு மேல் போனால் மூளை பழகிவிடும். பிரிசம் கழற்றியதும் எதிர்ப்பக்கம் விலகும். மாடிப்படி பக்கம் வேண்டவே வேண்டாம்.

இதையே புதுக் கண்ணாடி போட்டவர் புகாரிலும் காணலாம். மைனஸ் 10 பவர், கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி என்றால் படம் 0.89 மடங்காகச் சுருங்கும். தலையைத் திருப்பும்போது கண் எவ்வளவு எதிர்த்துத் திரும்ப வேண்டும் என்ற கணக்கு பதினொரு சதவீதம் மாறிவிடும். கான்டாக்ட் லென்ஸிலிருந்து கண்ணாடிக்கு மாறியவருக்குத் தரை நீந்துவது அதனால்தான். சில நாளில் சரியாகும்; விட்டு விட்டுப் போட்டால் தள்ளிப்போகும்.

#12 உட்செவி

அந்த எதிர்த்துத் திரும்பும் அனிச்சைதான் இந்த இழையின் பெயர் சொல்லாத நாயகன். உட்செவி தலைச் சுழற்சியை அளந்து கண்ணை எதிர்ப்பக்கம் திருப்ப ஏறக்குறைய 10 மில்லிநொடி போதும். பார்த்துப் பின்தொடர 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். சோதனை சுலபம்: போனில் ஒரு வரியைத் திறந்து, தலையை அசைக்காமல் போனை நொடிக்கு இரண்டு முறை ஆட்டுங்கள், எழுத்து கலங்கும். போனை நிறுத்தித் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள், படிக்கலாம். இரண்டாவதிலும் கலங்கினால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அந்த அனிச்சை குறைந்தவர்களுக்கான பயிற்சி: கை நீட்டும் தூரத்தில் ஓர் எழுத்து, கண்ணை அதில் வைத்துத் தலையை இடம் வலமாக 20, 30 டிகிரி ஆட்ட வேண்டும், எழுத்து கலங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே. ஒரு தடவைக்கு ஒரு நிமிடம். புதிதாக வந்த பாதிப்பு என்றால் நாளுக்கு மொத்தம் 12 நிமிடமாவது, நாள்பட்டது என்றால் 20. பலர் மெதுவாகவே ஆட்டிப் பலன் இல்லை என்கிறார்கள். மெதுவான அசைவைக் கண்ணின் பின்தொடர்தலே சமாளித்துவிடும், உட்செவிக்கு வேலையே வராது. கழுத்து வலி உள்ளவர்கள் பயிற்சியாளர் முன்னிலையில் மட்டும்.

எழும்பூரில் பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் நகர்வதாகத் தோன்றுவதற்கும் இங்கேதான் விடை. உட்செவி வேகத்தை அளப்பதில்லை, வேக மாற்றத்தைத்தான். சீரான வேகத்தில் அது மௌனம். அப்போது கண் சொல்வதுதான் சட்டம். ஜன்னல் முழுக்க ஓடுவதைப் பின்னணி என்று எடுத்துக்கொண்டால் ஓடுவது நாம் என்றாகிவிடும். பிளாட்பாரத் தூண் ஒன்றைக் கண்டதும் மயக்கம் கலையும்.

பஸ்ஸில் போன் பார்த்தால் குமட்டுவது இதன் தலைகீழ்: உட்செவி “ஆடுகிறது” என்கிறது, கண் “நிலையாக இருக்கிறது” என்கிறது. ஐந்து நொடிக்கு ஒரு முறை ஆடும் மெதுவான ஆட்டம்தான் மிக மோசம். முன்கண்ணாடி வழியே சாலை தெரியும் இருக்கை, தலை சாய்மானத்தில் ஒட்டி, போன் பைக்குள்.

#13 மூன்றாம்_கியர்

போகி காலையில் புகையும் பனியும் சேர்ந்தால் வேகமே தெரியவில்லை என்கிறார்களே? மங்கினால் மெதுவாகத் தெரியும் என்று படித்த ஞாபகம்.

#14 விழித்திரை

அது பாதி உண்மை. திரை முழுக்க ஒரே சீராக மங்கலாக்கினால் ஓட்டம் மெதுவாகத் தெரியும். ஸ்னோடென் குழு 1998-இல் காட்டியது, ஊரெல்லாம் பரவியதும் அதுதான். ஆனால் உண்மைப் புகை அப்படி மறைப்பதில்லை. தூரத்தை அதிகம் மறைக்கும், கிட்டத்தைக் குறைவாக. பிரெட்டோ குழு 2012-இல் தூரத்துக்கேற்ப மங்கும்படி காட்டியபோது எதிர்மாறு: வேகம் கூடுதலாகத் தெரிந்தது, ஓட்டியவர்கள் மெதுவாகப் போனார்கள். கண்ணுக்கு மிஞ்சுவது வேகமாக ஓடும் கிட்டத் தரை மட்டும் என்பதால். அழுக்கேறிய ஹெல்மெட் கண்ணாடிதான் முதல் வகை; எல்லாத் தூரத்தையும் ஒரே சீராக மங்கச் செய்யும். போகிப் புகையில் ஆபத்து வேக உணர்வைவிட, பார்க்க முடிகிற தூரம் 2 நொடிக்குள் சுருங்குவதில்தான்.

#15 ஹேண்டில்பார்

இரவு ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கும் வண்டி மேலே போய் மோதுவது பற்றியும் ஒண்ணு சொல்லிடறேன். முன்வண்டி பெரிதாகும் வேகம் 0.003 ரேடியன்/நொடியைத் தாண்டினால்தான் “நெருங்கறோம்”னு கண்ணுக்கு உறைக்கும். மணிக்கு 54-இல் (நொடிக்கு 15 மீட்டர்) போறோம், முன்னாடி வண்டி நிக்குது. லாரி அகலம் 2.5 மீட்டர்: 112 மீட்டரில் உறைக்கும், கையில் 7.5 நொடி. பைக் அகலம் 0.6 மீட்டர்: 55 மீட்டரில், 3.7 நொடி. அதுவும் பகலில். இரவில் ஒத்தை டெயில் லேம்ப் ஒரு புள்ளி. புள்ளிக்கு அகலமே இல்லை, எது பெரிதாகும்? ரெண்டு ஓரத்திலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினால் அகலம் கிடைக்கும். நடுவில் ஒண்ணு ஒட்டினால் பிரயோஜனம் கம்மி.

#16 மூன்றாம்_கியர்

ராய்டன் சோதனையை லேப்டாப்பில் போட்டுப் பார்க்க எவ்வளவு வேண்டும்? 60 ஹெர்ட்ஸ் திரை போதுமா?

#17 விழித்திரை

போதும். கண்ணிலிருந்து 57 செ.மீ.; அப்போது திரையில் 1 செ.மீ. ஏறக்குறைய 1 டிகிரி. 300 புள்ளி, 2 முதல் 20 மீட்டர் ஆழத்தில் சிதறவிட்டு, நடை வேகம் 1.5 மீ/நொடி. திசை விலகல் இடமும் வலமும் 1, 2, 4, 8 டிகிரி. மூன்று நிலை: (1) கண் நிலையாக; (2) நகரும் குறியைக் கண் உண்மையில் பின்தொடர; (3) கண் நிலையாக, சுழற்சி படத்தில் மட்டும். சுழற்சி நொடிக்கு 1, 2.5, 5 டிகிரி.

விளிம்பில் மறையும் புள்ளியை எதிர்விளிம்பில் அப்படியே கொண்டுவந்து போடாதீர்கள், ஆழத்தை மறுபடி சிதறவிட வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி அடர்த்தியே விடையைக் காட்டிக்கொடுக்கும். அறையை இருட்டாக்கி, திரைச் சட்டத்தில் கறுப்புத் துணி ஒட்டுங்கள். சட்டம் தெரிந்தால் அதுவே ஒரு நிலையான குறியாகி மூன்றாம் நிலையின் பிழையைக் குறைத்துவிடும்.

#18 பிரிசம்_இருபது

ஒரு கண்ணை மூடிச் செய்யுங்கள். இரு கண்ணாலும் பார்த்தால் திரை தட்டை என்று கண்ணே சொல்லிவிடும், ஆழத்தில் சிதறவிட்டதன் பலன் பாதி போய்விடும். மூடும் கண்ணை விரலால் அழுத்தாமல் ஒட்டுப்பட்டை போடுங்கள்.